புற்றுநோயை வளர்சிதைப் பொருள்களின் வழியே அறிதல்: கேள்வியிலிருந்து மருத்துவமனை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

2009ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் புற்றுநோயின் வளர்சிதை மாற்றத்தைப் பற்றி இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. பிப்ரவரியில் வந்தது மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருண் ஸ்ரீகுமார், அருள் சின்னையன் ஆகியோரின் குழு எழுதியது. திசு, சிறுநீர், இரத்த பிளாஸ்மா என 262 மாதிரிகளில் 1,126 வளர்சிதைப் பொருள்களை (செல்களின் வேதிமாற்றங்களில் தோன்றியும் மறைந்தும் வரும் சிறு மூலக்கூறுகளை) அளந்து, புராஸ்டேட் புற்றுநோய் முற்ற முற்றச் சார்கோசின் என்னும் சிறிய அமினோ அமிலம் கூடுகிறது என்றும், அதைச் சிறுநீரிலேயே கண்டறியலாம் என்றும் அது கூறியது. ஆண்டின் இறுதியில் வந்த மற்றொன்று, ஐடிஎச்1 என்ற நொதியின் மரபணுவில் பிறழ்வு உள்ள மூளைக் கட்டிகளில் 2-ஹைட்ராக்சிகுளுட்டரேட் என்ற பொருள் ஏராளமாகச் சேர்வதைக் காட்டியது. முதலாவது உலகெங்கும் செய்தியானது. இரண்டாவதைத் துறை சார்ந்தவர்களைத் தவிர அன்று அதிகம் பேர் கவனிக்கவில்லை. இன்று முதலாவது முரண்பட்ட ஆய்வு முடிவுகளுக்கிடையே தேங்கி நிற்கிறது. இரண்டாவதோ நோய் கண்டறிதலிலும் மருந்திலும் இடம்பெற்றுவிட்டது.

இரு குழுக்களும் பயன்படுத்தியவை ஏறக்குறைய ஒரே வகைக் கருவிகள்தாம். ஆகவே வேறுபாட்டுக்குக் காரணத்தைக் கருவியில் தேடுவதில் பயனில்லை. ஒரு மாதிரியிலுள்ள வளர்சிதைப் பொருள்களை ஒருங்கே அளக்கும், மெட்டபாலோமிக்ஸ் என்று ஆய்வகங்களில் அழைக்கப்படும் இந்த முறையைக் கொண்டு புற்றுநோயை ஆராய விரும்பும் முதுநிலை மாணவர்களுக்கும், இத்தகைய ஆய்வுகளைப் படித்து மதிப்பிட வேண்டிய இளம் மருத்துவர்களுக்கும், அந்த வேறுபாடு எந்தெந்தப் படிகளில் உருவாகிறது என்பதைக் காட்டும் வகையில் இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது.

தொடங்கும் முன்: கட்டி ஏன் வேறு விதமாக உண்கிறது

பெர்லினில் 1920களில் ஓட்டோ வார்பர்க் எலிகளின் கட்டிகளை மெல்லிய சீவல்களாக நறுக்கி, அவை எவ்வளவு ஆக்சிஜனை இழுக்கின்றன, எவ்வளவு லாக்டிக் அமிலத்தை வெளிவிடுகின்றன என்று அளந்தார். ஆக்சிஜன் போதிய அளவு இருந்தபோதும் கட்டித் திசு குளுக்கோஸைப் பெருமளவில் லாக்டிக் அமிலமாக மாற்றியது அவருக்கு வியப்பளித்தது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை லாக்டிக் அமிலத்தோடு நிறுத்திவிட்டால் செல்லுக்கு நிகரமாகக் கிடைப்பது செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறுகளில் 2 மட்டுமே. மைட்டோகாண்ட்ரியாவில் முழுவதுமாக எரித்தால் ஏறத்தாழ 30 கிடைக்கும். இந்த வீண்செலவுக்குக் காரணம் செல்லின் மூச்சு இயக்கம், அதாவது மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனைக் கொண்டு எரிக்கும் வேலை, பழுதுபட்டிருப்பதே என்றும், புற்றுநோயின் பிறப்பே அந்தப் பழுதுதான் என்றும் வார்பர்க் இறுதிவரை வாதிட்டார். அந்தப் பகுதி தவறு. பெரும்பாலான கட்டிகளில் மைட்டோகாண்ட்ரியா நன்றாகவே இயங்குகிறது. வேகமாகப் பெருகும் செல்லுக்கு ஆற்றல் மட்டும் போதாது; புதிய செல்லைக் கட்டுவதற்கு நியூக்ளியோட்டைடு, கொழுப்பு, அமினோ அமிலம் ஆகியவற்றுக்கான கரிச் சட்டகங்களும் தேவை, அவற்றைக் குளுக்கோஸ் உடையும் பாதையின் கிளைகளிலிருந்து அது எடுத்துக்கொள்கிறது என்பதே இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம்.

வார்பர்க்கின் விளக்கம் பிழைத்தாலும் அவருடைய அளவீடு நின்றது. பெட் ஸ்கேன் அதன் மேல்தான் நிற்கிறது. குளுக்கோஸைப் போன்ற ஒரு சர்க்கரையில், ஏறக்குறைய 110 நிமிட அரைவாழ்வு கொண்ட ஃபுளோரின்-18ஐப் பொருத்தி நோயாளியின் நாளத்தில் செலுத்துகிறார்கள். செல்லுக்குள் நுழைந்ததும் ஹெக்சோகைனேஸ் நொதி அதில் பாஸ்பேட்டைச் சேர்க்கிறது. அதற்கு மேல் அது உடைய முடியாமல் அங்கேயே சிக்கிக்கொள்கிறது; அது சேர்ந்த இடத்தை அதன் கதிர்வீச்சைக் கொண்டு கருவி படம்பிடிக்கிறது. இந்தப் பொருள் மனிதர்களுக்கு முதன்முதலில் 1976இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் செலுத்தப்பட்டது. ஆனால் மூளையும் பெரும்பாலும் இதயமும் இயல்பாகவே இதை உறிஞ்சுகின்றன, சிறுநீரகங்கள் வெளியேற்றுவதால் சிறுநீர்ப்பையிலும் இது சேர்கிறது, புராஸ்டேட் புற்றுநோய்களில் பல இதை அதிகம் எடுப்பதில்லை. ஒரே ஒரு வளர்சிதைப் பொருளை நம்பினால் என்ன கிடைக்கும், என்ன தவறும் என்பதற்குப் பெட் ஸ்கேனே நல்ல எடுத்துக்காட்டு.

இங்கே ஒரு குறிப்பு. ‘சர்க்கரையை அடியோடு நிறுத்தினால் புற்றுநோய் பட்டினியால் சாகும்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் செய்தி, வார்பர்க்கின் பெயரைச் சொல்லியே பரப்பப்படுகிறது. உணவில் சர்க்கரை இல்லாவிட்டாலும் கல்லீரல் புரதத்திலிருந்து குளுக்கோஸைத் தயாரித்து இரத்தத்தில் அளவைக் காத்துக்கொள்ளும்; பட்டினியில் மெலிவது கட்டி அன்று, நோயாளியின் தசை.

முதல் படி: கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

‘புற்றுநோயாளிகளின் இரத்தத்தில் எந்தப் பொருள்கள் மாறுகின்றன’ என்பது கேள்வி போலத் தோன்றினாலும் அது கேள்வி அன்று. அதற்கு எந்த ஆய்வும் ஏதாவது ஒரு விடையைத் தந்துவிடும். புரிந்துகொள்வது ஒரு வேலை, கண்டறிவது வேறு வேலை. ஒரு கட்டியில் எந்த வளர்சிதைப் பாதை முடுக்கப்பட்டுள்ளது என்று அறிய முப்பது நோயாளிகளின் திசு போதுமானதாக இருக்கலாம். அறிகுறியே இல்லாத மனிதர்களிடையே நோயைத் தேடுவதற்கு முப்பதாயிரம் பேர்கூடப் போதாமல் போகலாம்.

கண்டறிவதே நோக்கம் என்றால், யாரிடம், எந்தச் சூழலில், எந்த முடிவை மாற்றுவதற்காக என்பதைச் சேர்த்து எழுத வேண்டும். உடனே ஒரு கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. 10,000 பேரில் 10 பேருக்கு ஒரு புற்றுநோய் இருக்கிறது என்று கொள்வோம். உங்கள் சோதனை, நோய் உள்ளவர்களில் 90 விழுக்காட்டினரைச் சரியாகப் பிடிக்கிறது. நோயற்றவர்களில் 95 விழுக்காட்டினரைச் சரியாக விடுவிக்கிறது. ஆய்வுக் கட்டுரையில் அழகாகத் தெரியும் எண்கள் இவை. ஆனால் இந்தச் சோதனை பிடிப்பது 9 நோயாளிகளையும், அவர்களோடு நோயே இல்லாத ஏறத்தாழ 500 பேரையும். அந்த 500 பேரும் ஸ்கேனுக்கும் திசுப் பரிசோதனைக்கும் அலைய வேண்டும். இதே சோதனையை, மருத்துவர் ஏற்கெனவே ஐயப்பட்டு அனுப்பிய 100 பேரில் 40 பேருக்கு நோய் இருக்கும் ஓர் இடத்தில் வைத்தால், 36 பேரைச் சரியாகவும் 3 பேரைத் தவறாகவும் பிடிக்கும். சோதனை மாறவில்லை, வைத்த இடம்தான் மாறியது.

இரண்டாம் படி: யாருடன் யாரை ஒப்பிடுவது

நோயாளிகளை ஒரு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவிலிருந்தும், ஒப்பீட்டுக்கான நலமானவர்களை ஆய்வகத்து ஊழியர்கள், மாணவர்கள், இரத்ததானத்துக்கு வந்தவர்கள் ஆகியோரிலிருந்தும் எடுக்கும் வழக்கம் இன்னும் தொடர்கிறது. அப்படிச் செய்தால் கருவி மிகத் துல்லியமாக வயதையும், மெட்ஃபார்மின் மாத்திரையையும், பசியின்மையையும், புகைப் பழக்கத்தையும், அறுவைக்கு முந்தைய நீண்ட பட்டினியையும் கண்டுபிடித்துக் கொடுக்கும். புற்றுநோயைக் கண்டுபிடித்ததாக நாம் எழுதுவோம். ஒப்பிடப்பட வேண்டியவர்கள், அதே தொல்லையோடு அதே மருத்துவரிடம் வந்து, பரிசோதனைக்குப் பின் புற்றுநோய் இல்லை என்று தெரிந்தவர்களே. கணையப் புற்றுநோய் என்றால் நாள்பட்ட கணைய அழற்சி உள்ளவர்களும் புதிதாக நீரிழிவு வந்தவர்களும் ஒப்பீட்டில் இருந்தாக வேண்டும்.

இதைவிடச் சிறந்த வழியொன்று உண்டு. அதற்குப் பொறுமையும் பிறர் செய்துவைத்த சேமிப்பும் தேவை. நலமாயிருந்த காலத்தில் பல்லாயிரம் பேர் கொடுத்த இரத்தத்தைச் சேமித்து வைத்து, பல ஆண்டுகளுக்குப் பிறகு அவர்களில் நோய் வந்தவர்களின் பழைய மாதிரியை வெளியே எடுப்பதே அது. அமெரிக்காவின் பெரிய தொடர் ஆய்வுகளில் சேமித்த மாதிரிகளைக் கொண்டு பிரையன் வோல்பின், மேத்யூ வாண்டர் ஹெய்டன் ஆகியோரின் குழுக்கள் 2014இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்கு முன்மாதிரி. லியூசின், ஐசோலியூசின், வாலின் ஆகிய கிளைச்சங்கிலி அமினோ அமிலங்கள் இரத்தத்தில் உயர்ந்திருந்தவர்களுக்குப் பின்னாளில் கணையப் புற்றுநோய் வரும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேல் இருந்தது. நோய் கண்டறியப்படுவதற்கு 2 முதல் 5 ஆண்டுகளுக்கு முன் எடுத்த இரத்தத்தில் இந்தத் தொடர்பு மிக வலுவாக இருந்தது. அந்த அமினோ அமிலங்கள் உடலின் திசுப் புரதம் உடைவதிலிருந்து வருகின்றன என்று எலிகளில் காட்டவும் செய்தார்கள். அப்படியிருந்தும் இது தனியே ஒரு சோதனையாக மாறவில்லை. உடல் பருமனிலும் இன்சுலின் எதிர்ப்பிலும் இதே மூன்று அமிலங்களும் உயர்கின்றன. கணையப் புற்றுநோயோ மிக அரிது. முதல் படியில் போட்ட கணக்கு இங்கே திரும்பி வருகிறது.

மூன்றாம் படி: மாதிரி எடுத்தல்

இந்த வழிகாட்டியில் மிக நீளமாக எழுதத் தகுந்த பகுதி இதுதான். ஏனெனில் இங்கே செய்த பிழையைப் பின்னால் எந்தக் கணிதமும் திருத்தாது.

குழாயில் எடுத்த இரத்தம் உயிரற்ற பொருள் அன்று. சிவப்பணுக்களுக்கு மைட்டோகாண்ட்ரியா இல்லை. ஆக்சிஜனைச் சுமந்து திரிந்தும் அதைப் பயன்படுத்தாமல் குளுக்கோஸை லாக்டிக் அமிலமாகவே மாற்றுகின்றன. அதாவது வார்பர்க் கட்டியில் கண்டதை உங்கள் கையிலுள்ள குழாயே செய்துகொண்டிருக்கிறது. பிரிக்கப்படாத இரத்தத்தை அறை வெப்பத்தில் வைத்தால் ஒவ்வொரு மணி நேரத்திலும் குளுக்கோஸ் ஏறத்தாழ 5 முதல் 7 விழுக்காடு குறைகிறது, லாக்டேட் ஏறுகிறது. நோயாளிகளின் இரத்தம் வார்டிலிருந்து ஆய்வகத்துக்கு வர இரண்டு மணி நேரமும், நலமானவர்களின் இரத்தம் பக்கத்து அறையிலிருந்து வர பத்து நிமிடமும் ஆனால், குறைந்த குளுக்கோஸும் உயர்ந்த லாக்டேட்டும் கொண்ட ஓர் அருமையான ‘புற்றுநோய்ப் பாங்கு’ கிடைத்துவிடும். அது பாடநூலோடும் ஒத்துப்போகும் என்பதே இதிலுள்ள பெரிய ஆபத்து.

ஆகவே சில முடிவுகளை முதல் மாதிரி எடுப்பதற்கு முன்பே எழுதிவைத்து, கடைசி மாதிரி வரை மாற்றாமல் கடைப்பிடிக்க வேண்டும். சீரமா பிளாஸ்மாவா என்பது முதலாவது: சீரம் பெற இரத்தம் உறையும் வரை காத்திருக்க வேண்டும், அந்த நேரத்தில் தட்டணுக்கள் தங்களிடமுள்ள பொருள்களை வெளிவிடும். பிளாஸ்மா என்றால் எந்தக் குழாய் என்பது அடுத்தது: இரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ உள்ள ஊதா மூடிக் குழாய், மூலக்கூறுகளை நிறையைக் கொண்டு பிரித்தறியும் நிறை நிறமாலைமானிக்குப் பொதுவாக ஏற்றது, ஆனால் காந்தப்புலத்தில் அணுக்கருக்கள் தரும் சமிக்ஞையை அளக்கும் அணுக்கரு காந்த ஒத்ததிர்வில் இடிடிஏவே தன் முகடுகளை (சமிக்ஞை உச்சிகளை) காட்டிப் பிற பொருள்களை மறைக்கும், சிட்ரேட் குழாயில் எடுத்துவிட்டுச் சிட்ரேட்டை அளக்க முனைவது வீண். எடுத்தவுடன் பனிக்கட்டியில் வைத்து, குறித்த நிமிடங்களுக்குள் மையவிலக்கியில் சுழற்றி, சிறு பங்குகளாகப் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் சேமிக்க வேண்டும். ஒரே பெரிய குழாயில் சேமித்தால் ஒவ்வொரு அளவீட்டுக்கும் உருக்கி மீண்டும் உறையவைக்க நேரும்; ஒவ்வொரு முறையும் சில பொருள்கள் சிதையும். சிவப்பணு உடைந்து செந்நிறம் ஏறிய மாதிரிகளைக் குறித்துவையுங்கள். இரத்தம் எடுத்த நேரம், கடைசியாக உண்ட நேரம், உட்கொள்ளும் மருந்துகள் ஆகிய மூன்றும் இல்லாத மாதிரியை நான் ஆய்வில் சேர்க்க மாட்டேன்.

இவற்றையெல்லாம் நடைமுறையில் செய்பவர் ஆய்வாளர் அல்லர். காலை ஆறு மணிக்கு வார்டில் ஊசியோடு நிற்கும் செவிலியரோ தொழில்நுட்பரோதான். அவரை ஆய்வின் முதல் கூட்டத்துக்கே அழைத்து, ஏன் இந்த அவசரம் என்று விளக்கியவர்களின் மாதிரிகளுக்கும், ஒரு படிவத்தை மட்டும் அனுப்பிவைத்தவர்களின் மாதிரிகளுக்கும் உள்ள வேறுபாடு தரவுகளிலேயே தெரியும்.

சிறுநீரில் சிக்கல் வேறு. ஒருவர் எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்பதைப் பொறுத்து எல்லாப் பொருள்களின் அடர்த்தியும் பல மடங்கு ஏறி இறங்கும். கிரியாட்டினினுக்கு எதிராக வகுப்பது பழைய வழக்கம். ஆனால் தசை மெலிந்த நோயாளியிடம் கிரியாட்டினினே குறைந்திருக்கும் என்பதால், வகுத்த விடையில் மற்றவை எல்லாம் உயர்ந்தவை போலத் தோன்றும்.

திசுவில் நேரம் இன்னும் கொடியது. அறுவை மருத்துவர் நாளத்தைக் கட்டிய நொடியிலிருந்து திசுவுக்கு ஆக்சிஜன் நிற்கிறது. சில நிமிடங்களிலேயே லாக்டேட்டும் சக்சினேட்டும் ஏறத் தொடங்கும். வெட்டியெடுத்த துண்டைத் திரவ நைட்ரஜனில் உடனடியாக உறையவைத்து, எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதிவைக்க வேண்டும். பக்கத்துச் சீவலை நோய்க்குறியியல் மருத்துவரிடம் காட்டி அதில் எத்தனை பங்கு கட்டிச் செல், எத்தனை பங்கு இறந்த திசு என்று கேட்டுக்கொள்வதும் கட்டாயம். இல்லையெனில் கட்டியின் வளர்சிதை மாற்றம் என்று அளப்பது அதைச் சூழ்ந்த நார்த்திசுவினுடையதாக இருக்கும்.

நான்காம் படி: கருவியைத் தெரிவுசெய்தல்

ஒரே மாதிரியில் நூற்றுக்கணக்கான பொருள்களை ஒருங்கே அளக்கலாம் என்ற எண்ணம் புதிதன்று. லைனஸ் பாலிங்கின் குழு 1971இலேயே மனித மூச்சில் சுமார் 250 பொருள்களையும் சிறுநீரின் ஆவியில் சுமார் 280 பொருள்களையும் வாயு நிறப்பகுப்பு முறையில் பிரித்துக் காட்டியது. அவற்றில் பெரும்பாலானவை எவை என்று பெயர் சொல்ல அன்று வழியில்லை. அந்தக் குறை இன்றும் முழுதாகத் தீரவில்லை.

அணுக்கரு காந்த ஒத்ததிர்வு மாதிரியை அழிக்காது. இன்று சென்னையில் அளந்ததும் நாளை லண்டனில் அளந்ததும் ஒத்துவரும் அளவுக்கு நிலையானது. ஆனால் மைக்ரோமோலார் அளவில் உள்ள சில பத்துப் பொருள்களையே அது பார்க்கும். வாயு நிறப்பகுப்போடு இணைந்த நிறை நிறமாலைமானி, ஆவியாகக்கூடியவையாக வேதிமாற்றம் செய்யப்பட்ட கரிம அமிலங்கள், சர்க்கரைகள், அமினோ அமிலங்கள் ஆகியவற்றுக்கு நம்பகமானது. திரவ நிறப்பகுப்போடு இணைந்த நிறை நிறமாலைமானி மிகப் பரந்த வலையை வீசும். ஆயிரக்கணக்கான சமிக்ஞைகளைத் தரும், நானோமோலார் அளவையும் எட்டும். ஆனால் ஒரே பொருள் சோடியத்தோடு சேர்ந்து ஒரு முகடாகவும், நீரை இழந்து இன்னொரு முகடாகவும் தோன்றும் என்பதால், பத்தாயிரம் முகடுகள் என்றால் பத்தாயிரம் பொருள்கள் என்று எண்ணிவிடக் கூடாது.

புதியதைத் தேடுவதற்குப் பரந்த வலை. ஏற்கெனவே ஐயப்படும் பொருளை உறுதிசெய்வதற்குக் கார்பன்-13 அல்லது டியூட்டீரியம் ஏற்றிய அதே பொருளை அறிந்த அளவில் மாதிரியோடு கலந்து, துல்லியமான அடர்த்தியைக் கணிக்கும் இலக்கு அளவீடு. இரண்டையும் இந்த வரிசையில் செய்வதே என் பரிந்துரை.

ஐந்தாம் படி: ஏற்றும் வரிசையும் தரக்கட்டுப்பாடும்

நிறை நிறமாலைமானி முதல் நாள் காட்டும் உணர்திறனை மூன்றாம் நாள் காட்டாது. அயனிகள் நுழையும் வாயில் அழுக்கேறும், பிரிகுழாய் தேயும். ஆகையால் நோயாளிகளின் மாதிரிகளை முதலிலும் மற்றவர்களுடையதைப் பின்னரும் ஏற்றினால், கருவியின் களைப்பையே நோயின் அடையாளமாக எண்ண நேரிடும். வரிசையைக் குலுக்கிப் போட வேண்டும். எல்லா மாதிரிகளிலிருந்தும் சிறிதளவு எடுத்துக் கலந்த பொதுக்கலவையை ஒவ்வொரு ஐந்து முதல் பத்து மாதிரிகளுக்கு ஒருமுறை ஏற்ற வேண்டும். அந்தப் பொதுக்கலவை எப்போதும் ஒன்றே என்பதால், அதில் ஒரு முகடு 30 விழுக்காட்டுக்கு மேல் ஏறி இறங்குமானால் அதை நோயாளிகளிடம் பார்த்து மகிழ்வதற்கு ஒன்றுமில்லை. எதுவும் இல்லாத வெற்று மாதிரிகளும் இடையில் வேண்டும். குழாயின் பிளாஸ்டிக்கிலிருந்து கசிந்த வேதிப்பொருளைப் புற்றுநோய் உருவாக்கியது என்று சொல்லாமல் இருக்க அவை உதவும்.

இதைப் புறக்கணித்தால் என்ன ஆகும் என்பதற்கு வளர்சிதைப் பொருள்களுக்குப் பதில் புரதங்களை அளந்த ஒரு முன்நிகழ்வு உண்டு. இரத்தத்திலுள்ள புரதங்களின் நிறைப் பாங்கைக் கொண்டு சூல்பைப் புற்றுநோயை 100 விழுக்காடு உணர்திறனோடு கண்டறியலாம் என்று 2002இல் ‘லான்செட்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. எம். டி. ஆண்டர்சன் மையத்தின் புள்ளியியலாளர் கீத் பேகர்லியும் சக ஆய்வாளர்களும் வெளியிடப்பட்ட தரவுகளை மறுபடி ஆராய்ந்தபோது, உயிரியல் பொருள் ஏதும் இருக்க வழியில்லாத வெறும் இரைச்சல் பகுதியிலேயே இரு குழுக்களும் பிரிவதைக் கண்டார்கள். மாதிரிகளைக் கையாண்ட விதத்தில் இருந்த வேறுபாட்டையே கருவி படித்திருந்தது.

ஆறாம் படி: முகட்டுக்குப் பெயர் சூட்டுதல்

ஒரு முகட்டின் நிறையைத் தரவுத்தளத்தில் தேடினால் பெயர்கள் வந்து விழும். ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் விஷார்ட்டின் குழு பேணிவரும் மனித வளர்சிதைப் பொருள் தரவுத்தளம் அவற்றில் பலரும் நாடுவது. ஆனால் அந்தப் பெயர் ஒரு சாட்சியம் மட்டுமே, தீர்ப்பு அன்று. சார்கோசினையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூலக்கூறு நிறை 89.09, அலனினுக்கும் அதே நிறை, அதே அணுக்கள், அமைப்பு மட்டும் வேறு. இரத்தத்திலும் சிறுநீரிலும் அலனின் சார்கோசினைவிடப் பன்மடங்கு அதிகம். நிறப்பகுப்பில் இரண்டும் தெளிவாகப் பிரியாவிட்டால் அலனினின் வாலைச் சார்கோசினின் தலையாக அளந்துவிடலாம்.

2-ஹைட்ராக்சிகுளுட்டரேட்டிலும் இதே வகைச் சிக்கல் உண்டு, இன்னும் நுட்பமாக. அது வலக்கை இடக்கை போல ஒன்றுக்கொன்று பிம்பமான டி, எல் ஆகிய இரு வடிவங்களில் உள்ளது. ஐடிஎச் பிறழ்வு உண்டாக்குவது டி வடிவம். ஆக்சிஜன் குறைந்த செல்களிலும் சில சிறுநீரகப் புற்றுநோய்களிலும் சேர்வது எல் வடிவம். சாதாரண அளவீட்டில் இரண்டும் ஒரே முகடு. கைப்பக்கம் கொண்ட ஒரு வேதிப்பொருளோடு இணைத்த பின்பே அவை தனித்தனியே வெளிவரும்.

2007இல் வகுக்கப்பட்ட தரநிலைகள் அடையாளம் காணலை நான்கு நிலைகளாகப் பிரிக்கின்றன. தூய பொருளை வாங்கி, அதே கருவியில் ஏற்றி, நிறையும் வெளிவரும் நேரமும் என இரு தனித்தனி அளவுகளாவது ஒத்துவந்தால் மட்டுமே முதல் நிலை. முடிவுரையில் பெயர் சொல்லும் எந்தப் பொருளும் முதல் நிலையில் இருந்தாக வேண்டும்.

ஏழாம் படி: எண்களிலிருந்து பாங்குக்கு

ஆயிரம் பொருள்களை 0.05 என்ற புள்ளியியல் வரம்பில் (தற்செயலாகத் தேற நூற்றில் ஐந்து வாய்ப்பு) சோதித்தால், ஒன்றும் மாறாதபோதும் ஐம்பது பொருள்கள் தற்செயலாகத் தேறிவிடும் என்பதை மாணவர்கள் எல்லோரும் அறிவர். அத்தகைய தற்செயல் தேர்ச்சிகளைக் கட்டுப்படுத்தும் பெஞ்சமினி, ஹோக்பர்க் முறையில் திருத்தவும் செய்வர். பெரும்பாலான பிழை அடுத்த அடியில் நிகழ்கிறது. எல்லா மாதிரிகளையும் பார்த்துச் சிறந்த பத்துப் பொருள்களைத் தெரிவுசெய்துவிட்டு, பிறகு மாதிரிகளைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் எனப் பிரிப்பது, வினாத்தாளைப் படித்துவிட்டுத் தேர்வு எழுதுவதற்குச் சமம். பொருள்களைத் தெரிவுசெய்வதும் பயிற்சிப் பகுதிக்குள்ளேயே நடக்க வேண்டும். குழுக்களைப் பிரித்துப் படமாகக் காட்டும் புள்ளியியல் முறைகளில் மிகவும் விரும்பப்படும் பகுதிக் குறைந்த வர்க்கப் பகுப்பாய்வு (பிஎல்எஸ்-டிஏ), மாதிரிகளைவிடப் பொருள்கள் மிகுந்த இடத்தில் எந்த இரு குழுவையும் பிரித்துக் காட்டும். நோயாளி, நலமானவர் என்ற பெயர்ச்சீட்டுகளைத் தற்செயலாகக் கலைத்து ஆயிரம் முறை ஓட்டிப் பார்த்து, கலைத்தபோதும் அதே அழகு வந்தால் அந்தப் படத்தைக் கிழித்துப் போடுங்கள்.

எட்டாம் படி: காரணத்தைத் தேடுதல்

ஏரியில் நீர்மட்டம் உயர்ந்திருக்கிறது என்றால் வரத்து கூடியதா, மதகு அடைபட்டதா என்பது மட்டத்தைப் பார்த்து மட்டும் தெரியாது. வளர்சிதைப் பொருளின் அளவும் அத்தகையதே. ஓட்டத்தை அறிவதற்குக் கார்பன்-13 ஏற்றிய குளுக்கோஸைச் செலுத்தி, அந்தக் கனமான கரி எந்தெந்தப் பொருளில் போய்ச் சேர்கிறது என்று தொடர வேண்டும். டெக்சாஸின் டல்லாஸில் ரால்ஃப் டிபெரார்டினிஸின் குழு, நுரையீரல் புற்றுநோய் அறுவைக்கு வந்தவர்களுக்கே இதைச் செய்தது. கட்டிகள் குளுக்கோஸை மைட்டோகாண்ட்ரியாவிலும் எரிக்கின்றன என்பதை 2016இலும், இரத்தத்திலிருந்து லாக்டேட்டை எடுத்து எரிபொருளாகவே பயன்படுத்துகின்றன என்பதை 2017இலும் அது காட்டியது. வார்பர்க் கழிவு என்று பார்த்தது சில கட்டிகளுக்கு உணவாகவும் இருக்கிறது. தட்டில் வளர்க்கும் செல்களை மட்டும் அளந்துகொண்டிருந்தால் இது தெரிந்திருக்காது.

2-ஹைட்ராக்சிகுளுட்டரேட்டின் கதை இங்கேதான் சார்கோசினிடமிருந்து பிரிகிறது. 2008இல் மூளைக் கட்டிகளின் மரபணு வரிசையைப் படித்தபோது, ஐடிஎச்1 நொதியில் 132ஆம் இடத்திலுள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் திரும்பத் திரும்ப மாறியிருப்பது தெரிந்தது. நொதி பழுதடைந்து வேலையை நிறுத்திவிட்டது என்று எண்ணுவதே இயல்பு. பிறழ்ந்த நொதியைச் செல்களில் வைத்து வளர்சிதைப் பொருள்களை ஒட்டுமொத்தமாக அளந்தபோது ஒரு பொருள் மட்டும் தனித்து எழுந்து நின்றது. இயல்பான நொதி ஐசோசிட்ரேட்டை ஆல்ஃபா-கீட்டோகுளுட்டரேட்டாக மாற்றும். பிறழ்ந்ததோ அந்த ஆல்ஃபா-கீட்டோகுளுட்டரேட்டையே எடுத்து 2-ஹைட்ராக்சிகுளுட்டரேட்டாக்குகிறது. நோயாளிகளின் கட்டிகளில் அது நூறு மடங்கு வரை மிகுந்திருக்கக் கண்டார்கள். வடிவத்தில் ஆல்ஃபா-கீட்டோகுளுட்டரேட்டை ஒத்த இந்தப் பொருள், டிஎன்ஏவிலிருந்தும் அது சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களிலிருந்தும் மெத்தில் குழுக்களை நீக்கும் நொதிகளைத் தடுத்து, செல் முதிர்ச்சி அடையாதபடி நிறுத்துகிறது. மரபணு, நொதி, பொருள், விளைவு என்று சங்கிலியின் எல்லாக் கண்ணிகளும் கையில் இருந்தன.

ஒன்பதாம் படி: பிறர் கையில் நிற்கிறதா

சார்கோசினை வேறு குழுக்கள் அளந்தபோது விடைகள் ஒத்துவரவில்லை. ஜெர்மனியில் 2010இல் வெளியான ஓர் ஆய்வு, சிறுநீர்ச் சார்கோசின் புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவரையும் இல்லாதவரையும் பிரிக்கத் தவறுகிறது என்று தலைப்பிலேயே சொன்னது. சில ஆய்வுகள் சிறிய வேறுபாட்டைக் கண்டன. சார்கோசின் ஆய்வாளர்கள் கவனக்குறைவானவர்கள் என்று இதனால் கருதக் கூடாது. உயர்வதற்குக் கண்டிப்பான ஒரே காரணம் இல்லாத பொருள், ஆள்களும் சேகரிப்பும் மாறும்போது கைவிடுவது இயல்பே.

மறுபுறம், 2-ஹைட்ராக்சிகுளுட்டரேட்டை மண்டையைத் திறக்காமல் எம்ஆர்ஐ கருவியின் நிறமாலை முறையிலேயே மூளைக்குள் அளக்க முடியும் என்று 2012இல் டல்லாஸ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். குளுட்டமேட், குளுட்டமின் ஆகியவற்றின் முகடுகள் அதன்மேல் படிவதால் அதற்கெனத் தனி அளவீட்டு வரிசை வேண்டியிருக்கிறது. மிகச் சிறிய கட்டிகளில் தவறவும் செய்யும். ஐடிஎச் பிறழ்வு கொண்ட இரத்தப் புற்றுநோயில் இந்தப் பொருள் இரத்தத்திலேயே உயர்ந்து தெரிகிறது; மூளைக் கட்டியிலோ இரத்த அளவை நம்ப முடியாது. எங்கே அளக்க வேண்டும் என்பதையும் நோயின் இருப்பிடமே முடிவுசெய்கிறது. பிறழ்ந்த நொதியைத் தடுக்கும் மருந்துகள் இரத்தப் புற்றுநோய்க்கு 2017இலும் 2018இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. மூளைக் கட்டிக்கான வோராசிடெனிப், 331 நோயாளிகளிடம் செய்த சோதனையில், நோய் முன்னேறாத காலத்தின் இடைநிலை அளவை 11.1 மாதத்திலிருந்து 27.7 மாதமாக நீட்டி, 2024 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்றது.

வளர்சிதை மாற்றத்தைக் குறிவைக்கும் மருந்து என்பது புதுமையாகத் தோன்றினால், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவை நினைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் அவர் வழிநடத்திய குழு ஃபோலிக் அமிலத்துக்கு எதிரான அமினாப்டெரினை உருவாக்கியது. அதைக் கொண்டே சிட்னி ஃபார்பர் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகவேனும் அடக்கிக் காட்டி 1948இல் வெளியிட்டார்.

கண்டறிதலில் மற்றொரு வாசல் அறுவைக் கூடத்தில் திறந்திருக்கிறது. மின்கத்தி திசுவைச் சுடும்போது எழும் புகையை அப்படியே நிறை நிறமாலைமானிக்குள் இழுத்து, வெட்டுவது கட்டியா நல்ல திசுவா என்று நொடிகளில் சொல்லும் கருவியை லண்டன் இம்பீரியல் கல்லூரியில் சோல்தான் தாகாட்ஸ் உருவாக்கினார். 2013இல் வெளியிட்ட ஆய்வில் 81 அறுவைகளில் நோய்க்குறியியல் முடிவோடு அது ஒத்துப்போனது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் லிவியா எபர்லின் குழுவினர் 2017இல் அறிமுகப்படுத்திய பேனா, ஒரு துளி நீரைத் திசுவின் மேல் வைத்து எடுத்து ஆராய்கிறது. 253 திசு மாதிரிகளில் 96 விழுக்காட்டுக்கு மேல் சரியாகச் சொன்னது. இவை இரண்டும் முதல் படியின் கணக்கில் நல்ல இடத்தில் நிற்கின்றன: நோய் இருப்பது உறுதியான ஒருவரிடம், அதன் எல்லை எங்கே என்ற கேள்வி மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

பத்தாம் படி: தரவுகளை வெளியிடுதல்

ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனத்தின் மெட்டபோலைட்ஸ், அமெரிக்காவின் மெட்டபாலோமிக்ஸ் வொர்க்பெஞ்ச் ஆகிய இரண்டு பொதுத் தரவுக் களஞ்சியங்களில் ஒன்றில் கருவியின் மூலக் கோப்புகளைச் சேர்க்கவும். முகடுகளின் இறுதி அட்டவணையை மட்டும் கொடுப்பது போதாது. மாதிரிகளை ஏற்றிய வரிசை, பொதுக்கலவையின் அளவீடுகள், வெற்று மாதிரிகள், ஒவ்வொரு மாதிரியும் எடுத்ததிலிருந்து உறைந்தது வரை ஆன நிமிடங்கள், விலக்கப்பட்ட மாதிரிகளும் விலக்கியதற்கான காரணமும் உடன் இருக்க வேண்டும். சூல்பைப் புற்றுநோய்த் தரவுகளில் இருந்த குறையைப் பிறர் காண முடிந்ததற்குக் காரணம், அவை பொதுவெளியில் வைக்கப்பட்டிருந்ததே.